பஃபர் என்று எழுதப்பட்ட ஏழு பேர்

உங்களில் பாதிப் பேருடைய விசிட்டிங் கார்டு என் கைக்கு வந்துவிட்டது. 'ஈவென்ட் பிளானர் அண்ட் கோஆர்டினேட்டர்' என்று இரண்டையும் ஒரே வரியில் அடித்து, பக்கத்தில் ஒரு பூவையும் போட்டிருக்கிறீர்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை அண்ட் புரோகிதர் என்று யாராவது கல்யாணப் பத்திரிகை அடிப்பார்களா? இரண்டு பேரும் ஒரே மேடையில்தான் உட்காருகிறார்கள். அதற்காக இரண்டும் ஒரே வேலையாகிவிடுமா?

உங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர் போன வாரம் அட்டுவம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தார். "மேடம், உங்க இனிமையான அனுபவங்களைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடம் இந்தக் கொடைக்கானல் மலையில் கோஆர்டினேட்டராக வேலை பார்த்து, ரிட்டயராகி இரண்டு வருடம் ஆகிறது. இனிமையான அனுபவங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றைக் கேட்டு நீங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அதனால் கோபமான அனுபவம் ஒன்றை எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி மற்றவர்கள் மேல், மீதி என் மேல்.

முதலில் யாருக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிளானர் என்பவர் ஆறு மாதம் முன்பே விழா நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர். எந்தத் தேதி, எந்த இடம், யார் வர வேண்டும், எது முக்கியம், எது முக்கியமில்லை என்று முடிவு செய்வதெல்லாம் அவர். யோசிக்க அவருக்கு நேரம் இருக்கிறது. கோஆர்டினேட்டர் கடைசி மூன்று வாரத்தில் வந்து சேருகிறவர். பிளானர் எழுதிக் கொடுத்த காகிதத்தை அன்றைக்கு நடத்திக் காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. யோசிக்க அவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

மூன்றாவதாக ஒருவர் இருப்பார். ஹால் மேனேஜர். அவரும் தன்னைக் கோஆர்டினேட்டர் என்றுதான் சொல்லிக்கொள்வார், நம்பிவிடாதீர்கள். அவர் பொறுப்பு கட்டடம், நாற்காலி, ஜெனரேட்டர், கழிப்பறை. பெருமாள்மலைக்குக் கொஞ்சம் மேலே ஒரு ரிசார்ட்டில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது மழை சாய்ந்து அடித்தது. பந்தலின் பக்கத் தார்ப்பாயை அவர் இறக்குவார் என்று நானும், நான் இறக்குவேன் என்று அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரியவரும் அவர் மனைவியும் தாலி கட்டும் நேரத்தில் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். அது சின்னத் தப்பு, துவட்டினால் போய்விட்டது. நான் சொல்ல வந்தது துவட்டினால் போகாத ஒரு தப்பு.

கொடைக்கானலில் பழைய விடுதிப் பள்ளி ஒன்று. பெயர் வேண்டாம். அதன் பழைய மாணவர்கள் சங்கம் பெரிய அளவில் ஆண்டு விழா நடத்தியது. சங்கத்தின் தலைவர் ஒரு டாக்டர், நல்ல மனிதர். பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஏழு பேரை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துவது அவருடைய யோசனைதான். சமையல்கட்டில் இருந்த இரண்டு பேர், சலவைக்காரர் ஒருவர், தோட்டக்காரர் ஒருவர், வாட்ச்மேன் ஒருவர், விடுதி ஆயா ஒருவர், பாய்லர்க்காரர் ஒருவர். அழைப்பிதழின் மூன்றாம் பக்கத்தில் ஏழு பெயரையும் அச்சடித்திருந்தார்கள்.

பாய்லர்க்காரர் பெயர் மிக்கேல். வயது எழுபத்தெட்டு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. விடுதிப் பிள்ளைகள் குளிக்க வெந்நீர் வேண்டுமே, அதற்காக முப்பத்தோரு வருடம் விடியுமுன் எழுந்து பாய்லருக்கு விறகு வைத்தவர். இந்தக் குளிரில் அது என்ன வேலை என்று இங்கே ஒரு டிசம்பர் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த அழைப்பிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீக்கடை, ரேஷன் கடை, சர்ச் வாசல் என்று ஒரு இடம் விடாமல் காட்டினார். என்னிடம் மட்டும் மூன்று தடவை காட்டினார்.

விழாவை வடிவமைக்கச் சென்னையிலிருந்து ஒரு பிளானர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டிக்காரப் பெண், நான் இல்லை என்று சொல்லவில்லை. மேடை அலங்காரமும், பள்ளியை மேலிருந்து ட்ரோனில் படம் பிடித்த வீடியோவும் அவ்வளவு அழகு. என்னை மேடம் என்று கூப்பிட மாட்டார், மேம்தான். ஆனால் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

விழா சனிக்கிழமை. வியாழக்கிழமை ரன் ஷீட் என் கைக்கு வந்தது. எத்தனை மணிக்கு எது, எவ்வளவு நிமிடம் என்று எழுதிய தாளைத்தான் இந்தத் தொழிலில் ரன் ஷீட் என்கிறோம். அதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே ஒரு குறிப்பு. பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு மூன்று, கட்டாயம். ட்ரோன் வீடியோ பன்னிரண்டு நிமிடம், கட்டாயம். சிறப்பு விருந்தினர் உரை இருபத்தைந்து நிமிடம், கட்டாயம். பணியாளர் கௌரவிப்பு எட்டு நிமிடம், பஃபர்.

பஃபர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தையற்காரர் சட்டைக்குள் மடித்து விட்டிருக்கும் துணி மாதிரி. நேரம் பற்றாவிட்டால் வெட்டிக்கொள்ளலாம், வெளியே தெரியாது. எல்லா ரன் ஷீட்டிலும் ஒன்று இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அழைப்பிதழில் பெயர் அச்சடித்த ஏழு பேருக்கு எதிரே அந்த வார்த்தை இருந்தது. படித்தேன். பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஏன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்கவில்லை? உங்களிடம் மறைப்பானேன், வீம்பு. அதற்கு முன் எத்தனையோ பிளானர்கள், "மேம், திட்டம் எங்க வேலை, ரன் பண்றது உங்க வேலை" என்று என் வாயை அடைத்திருக்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும், நீயே பார்த்துக்கொள் என்ற வீம்பு எனக்குள் ஊறிப் போயிருந்தது. அந்த வீம்பால் பிளானருக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. நஷ்டப்பட்டவர் வேறு ஒருவர்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. ஏழு பேரும் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்கள். ட்ரோன் வீடியோ முடிந்ததும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், இடது படியில் ஏறி, வரிசையாக நின்று, சால்வை வாங்கி, வலது படியில் இறங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். மிக்கேல் அண்ணனுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை.

"செருப்பக் கழட்டணுங்களா மேடம்?"

"வேணாண்ணே, போட்டுக்கிட்டே ஏறுங்க."

"பேசச் சொல்லுவாங்களோ?"

"இல்லண்ணே. கும்பிட்டுட்டு எறங்கிரலாம்."

"அது போதும்ங்க. எனக்குப் பேச வராது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாளைக்குச் சம்பந்தி வீட்டுலேர்ந்து வர்றாங்க மேடம். வேன் பிடிச்சு வர்றாங்களாம். வெள்ளனே கெளம்பச் சொல்லியிருக்கேன்."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பம். கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "பொண்ணோட அப்பா என்ன சோலி பாத்தாராம்?" என்று கேட்க, இன்னொருவர், "வெந்நி போட்டாராம்" என்று சொல்ல, ஒரு வரிசையே சிரித்தது. மிக்கேல் அண்ணன் சாம்பார் வாளியோடு பக்கத்தில்தான் நின்றார். அதற்குப் பிறகு பதினோரு வருடத்தில் சம்பந்தியம்மா ஒரு தடவைகூட இந்த மலைக்கு ஏறி வந்ததில்லை. இப்போதுதான் முதல் தடவையாக வருகிறார்கள், அதுவும் அழைப்பிதழில் பெயரைப் பார்த்துவிட்டு. இவ்வளவும் தெரிந்துதான் நான் ரன் ஷீட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தையை அழிக்கச் சொல்ல அப்போதும் எனக்கு நேரம் இருந்தது.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு விழா. சிறப்பு விருந்தினர் மலையேறி வரும் வழியில் பெருமாள்மலையில் மாட்டிக்கொண்டார். சனி ஞாயிறு அந்த இடத்தில் டூரிஸ்ட் வண்டிகள் எப்படி அடைத்துக்கொண்டு நிற்கும் என்று பிளானருக்குத் தெரியாது. அவர் ஃபோனில் மேப்பைப் பார்த்து நேரம் போட்டிருந்தார். எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. விழா நாற்பது நிமிடம் தாமதமாக ஆரம்பித்தது. இருட்டுவதற்குள் விருந்தினர் மலை இறங்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு முடித்தே ஆக வேண்டும். வரவேற்புரையைச் சுருக்கினோம், ஆண்டறிக்கையைச் சுருக்கினோம். ஆனாலும் நேரம் இடித்தது.

ட்ரோன் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பிளானர் ஹாலின் பின்பக்கம் சவுண்டு மேசையில் இருந்தார். நான் மேடைக்கு ஓரமாக. வாக்கி டாக்கியில் குரல் வந்தது.

"மேம், பஃபரை ட்ராப் பண்ணிடுங்க. நேரா சீஃப் கெஸ்ட்டுக்குப் போயிடலாம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். விருந்தினர் இருபத்தைந்து நிமிடம் பேசினால், நினைவுப் பரிசு, நன்றியுரை எல்லாம் சேர்த்துச் சரியாக ஐந்து. ஏழு பேரையும் ஏற்றினால் ஐந்து எட்டு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"சரி" என்றேன்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தவர் அந்தப் பள்ளியின் ஆசிரியை. அவர் காதில் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், அவுங்க எந்திரிச்சு நிக்கிறாங்களே."

திரும்பிப் பார்த்தேன். வீடியோ முடிந்ததும் எழுந்து நிற்க வேண்டும் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்? இரண்டாவது வரிசையில் ஏழு பேரும் வரிசையாக எழுந்து நின்றார்கள். ஆயா முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மிக்கேல் அண்ணன் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு நின்றார். சால்வை போர்த்தும்போது உடம்பில் ஸ்வெட்டர் இருக்கக் கூடாது என்று அவராகவே யோசித்திருக்கிறார். நான் உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்காருங்கள் என்று சைகை செய்தேன். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மிக்கேல் அண்ணன் கடைசியாக உட்கார்ந்தார். நேரம் கொஞ்சம் தள்ளிப் போகிறது என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். விருந்தினர் நாகரிகமானவர். தன்னால்தானே தாமதம் என்று வெட்கப்பட்டு, பேச்சைப் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டார். பத்து நிமிடம் கையில் வந்து விழுந்தது. நான் வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"இப்ப அவங்களக் கூப்பிட்டுரலாமா?"

"வேணாம் மேம், ஃப்ளோ போயிடும். க்ளோஸ் பண்ணிடலாம்."

இங்கேதான் நான் கோஆர்டினேட்டராக இருந்திருக்க வேண்டும். திட்டம் அவருடையது, ஆனால் அந்த நாள் என்னுடையது. மேடையில் அடுத்து யார் ஏறுவது என்று முடிவு செய்கிற அதிகாரம் எனக்கு இருந்தது. அவரிடம் கேட்டதே தப்பு. கேட்காமல் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். செய்யவில்லை. அப்பாடா, நேரத்துக்கு முன்னாலேயே முடிகிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நன்றியுரை சொன்னவர் முந்தின நாளே எழுதி வைத்திருந்த தாளை அப்படியே வாசித்தார். மைக் செட்டுக்கு நன்றி, பிளானருக்கு நன்றி, எனக்கு நன்றி. "இந்த மேடையில் கௌரவிக்கப்பட்ட நம் முன்னாள் பணியாளர்கள் எழுவருக்கும் நன்றி." ஹாலே கை தட்டியது. இருநூறு பேரில் ஒருவருக்குக்கூட அப்படி எதுவும் நடக்கவில்லையே என்று தோன்றவில்லை. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே நாட்டுப்பண்.

நாட்டுப்பண் பாடிவிட்டால் விழா முடிந்தது. அதற்குப் பிறகு யாரையும் மேடைக்குக் கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் அது விழா இல்லை. எல்லோரும் எழுந்து அசையாமல் நின்றோம். மிக்கேல் அண்ணன் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாடி முடித்தபோது மணி நான்கு ஐம்பத்தொன்று. டீ கவுண்டரை ஐந்து மணிக்குத்தான் திறக்கச் சொல்லியிருந்தோம். ஒன்பது நிமிடம், இருநூறு பேர், மூடிய கவுண்டருக்கு முன்னால் சும்மா நின்றார்கள்.

நான் நேராகச் சவுண்டு மேசைக்குப் போனேன்.

"அவங்களுக்கு எதுக்கு பஃபர்னு போட்டீங்க?"

பிளானர் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "எதுக்காவது போட்டாகணுமே மேம். பாட்டுக்குப் போட்டா பேரன்ட்ஸ் கோவிச்சுப்பாங்க. வீடியோ ஸ்பான்சரோடது. இவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். பஃபர் என்ற வார்த்தை எப்போதும் சண்டை போடத் தெரியாதவர்கள் தலையில்தான் விழுகிறது. பிளானராகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பாட்டை வெட்டுங்கள், வீடியோவை வெட்டுங்கள், ஸ்பான்சர் கத்தினால் கத்தட்டும். ஆட்களைப் பஃபராக வைக்காதீர்கள். கோஆர்டினேட்டராகப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், ரன் ஷீட் வந்த அன்றைக்கே பஃபர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இதை வெட்டினால் யார் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவார் என்று கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்துக்கு மாற்றும்வரை பிளானரை விடாதீர்கள். அது அவர் வேலை, இது என் வேலை என்பதெல்லாம் விழா அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் வாயைத் திறக்காதவன் கோஆர்டினேட்டர் இல்லை, வெறும் சுவிட்ச்.

நான் அவரிடம் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாக, "ஆனா கட் பண்ணது நீங்கதானே மேம்?" என்றார்.

வாக்கி டாக்கியை மேசையில் வைத்தேன். வாசல் கேட்டுக்குப் போனேன்.

கேட்டுக்குப் பக்கத்துப் பதிவு மேசையில் இருந்த அம்மாள், ஏழு சால்வைகளையும் ஏழு துணிப்பைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டைக் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். மிச்சமானதை உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லி ரன் ஷீட்டிலேயே இருக்கிறது என்றார். ஆறு பேர், "பரவால்லங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிக்கேல் அண்ணன் மட்டும் பையைத் தொடாமல் நின்றார். ஸ்வெட்டரை இன்னும் போடவில்லை, கையில்தான் இருந்தது.

"வாங்கிக்கங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தோள்ல போட்டாத்தாங்க மேடம் அது சால்வ. பைல போட்டுக் குடுத்தா வெறும் துணிங்க. துணி வீட்டுல கெடக்கு."

தலைவரைத் தேடினேன். விருந்தினரை வழியனுப்ப அவருடைய காரிலேயே ஏறிப் போய்விட்டார். செயலாளர் குரூப் போட்டோவில் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து சால்வையை எடுத்து, உதறி, நானே போர்த்தப் போனேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"வேணாம்ங்க. நீங்க வேல பாக்க வந்தவுங்க. நானும் இங்க வேல பாத்தவன். நமக்கு நாமளே போத்திக்கிறதுல என்னங்க இருக்கு?"

சரியாகத்தான் சொன்னார். யார் போர்த்தினால் அது மரியாதை, யார் போர்த்தினால் இல்லை என்பது அந்த ஹாலில் இருந்த எல்லோரையும்விட அவருக்குத்தான் தெளிவாகத் தெரிந்திருந்தது. விரித்த சால்வையோடு நான் கேட்டில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர், "பரவால்லங்க" என்று சொல்லிவிடுவார், அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அப்போதுதான் கீழே வளைவில் ஒரு வேன் திரும்பியது. முன் கண்ணாடியில் திண்டுக்கல் டிராவல்ஸ் ஸ்டிக்கர். விருந்தினர் மாட்டிக்கொண்ட அதே பெருமாள்மலை நெரிசலில் சம்பந்தி வீட்டாரும் மாட்டிக்கொண்டு, இவ்வளவு நேரம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மிக்கேல் அண்ணன் வேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சால்வையை வெடுக்கென்று பிடுங்கினார். அந்த வயதில் அவருக்கு அவ்வளவு வேகம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஸ்வெட்டரை என் கையில் திணித்துவிட்டு, சால்வையை இரண்டு தோளிலும் தானே போட்டுக்கொண்டு, சரிகைப் பக்கம் வெளியே தெரியும்படி இழுத்துவிட்டார். சீட்டு குத்தியிருந்த பையைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளினார். வேன் நின்றபோது நிமிர்ந்து நின்றார்.

முதலில் இறங்கியது சம்பந்தியம்மா. மலைப்பாதை ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்திருந்தது. "அய்யய்யோ, முடிஞ்சு போச்சுங்களா? ரெண்டு மணி நேரமாப் போட்டு வச்சுட்டான், நகரவே விடல."

"இப்பத்தாங்க முடிஞ்சது. கொஞ்சம் வெரசா வந்திருந்தாப் பாத்திருக்கலாம்" என்றார் மிக்கேல் அண்ணன். "மேடையில ஏத்திப் போத்துனாங்க. ஹாலே கை தட்டுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "கேட்டுப் பாருங்க, இவுங்கதான் எல்லாத்தையும் நடத்துனவுங்க. சொல்லுங்க மேடம்."

அவருடைய மகள் சால்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மா என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன்.

"யாருங்க போத்துனது?"

"சீஃப் கெஸ்ட்டுங்க. அவரே கையால போத்துனாரு."

சம்பந்தியம்மா மிக்கேல் அண்ணனைப் பார்த்துக் கை கூப்பினார்கள். "எங்களுக்குக் குடுத்து வைக்கலயே சம்பந்தி, இதப் பாக்கணும்னுதானே வந்தோம்." அதில் கேலி ஒன்றும் இல்லை, மனசாரத்தான் சொன்னார்கள். மிக்கேல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அந்தம்மா என்னிடம் திரும்பினார்கள்.

"போட்டோ எடுத்திருப்பீங்கல்ல மேடம்? எங்க கடையில மாட்டணும். அனுப்பி விடுங்க."

"அனுப்புறேங்க" என்று சொல்லி, அவர்கள் நம்பரை ஃபோனில் குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தலைவரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார். அடுத்த வருடம் பெரிதாகச் செய்துவிடலாம் என்றார். அடுத்த வருடம் விழாவை வேறு ஊரில் வைத்தார்கள். சம்பந்தியம்மா அந்த வாரமே போட்டோ என்னாச்சு என்று கேட்டுச் செய்தி அனுப்பினார்கள், போட்டோகிராபர் இன்னும் தரவில்லை என்றேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்டார்கள், தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை.